வானளாவும் மரங்கள்: அளப்பதிலும் ஒப்பிடுவதிலும் உள்ள சிக்கல்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடகரையோரத்தில், ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள் நிற்கும் ஒரு மரமே இன்று உயிருடன் உள்ள மரங்களில் உலகிலேயே மிக உயரமானது. ஹைப்பீரியன் எனப் பெயரிடப்பட்ட அந்த மரத்தின் உயரம் 2019ஆம் ஆண்டின் அளவீட்டின்படி 115.92 மீட்டர், அதாவது சுமார் 380 அடி. கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரு ஆர்வலர்கள் 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதனைக் கண்டறிந்தனர்.

உலகின் மிக உயரமான உயிரினம் 2006 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அடர்ந்த காட்டில் மரத்தின் அடியில் நிற்பவருக்கு அதன் உச்சி தெரிவதில்லை. உச்சி தெரியும் இடத்தில் நிற்பவருக்கு அது எந்த மரத்தின் உச்சி என்பது தெரிவதில்லை. மரத்தின் உயரத்தை அளப்பது பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், அறிவியலாளர்களையும் வனத்துறையினரையும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தடுமாற வைத்துள்ள வேலை அது.

இந்த அளவீடுகள் வெறும் சாதனைப் பட்டியலுக்கானவை அல்ல. எந்தக் காட்டைக் காப்பது, எந்தக் காட்டை வெட்ட அனுமதிப்பது, ஒரு காடு எவ்வளவு கரியைத் தன்னுள் வைத்துள்ளது என்பன போன்ற முடிவுகள் பல நாடுகளில் இவற்றைச் சார்ந்தே எடுக்கப்பட்டுள்ளன.

பழைய சாதனைகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாட்ஸ் ஆற்றுப் பகுதியில் விழுந்து கிடந்த யூகலிப்டஸ் மரம் ஒன்று சுமார் 133 மீட்டர் நீளம் இருந்ததாக, வனப் பகுதிகளை ஆய்வு செய்துவந்த வில்லியம் ஃபெர்குசன் என்ற அதிகாரி 1872இல் எழுதினார். அது உண்மையாக இருந்தால், ஹைப்பீரியனைவிட 17 மீட்டர் உயரமான மரம் ஒன்று அங்கே நின்றிருக்க வேண்டும். அதனை வேறு எவரும் அளந்து உறுதி செய்யவில்லை.

1888இல் மெல்போர்னில் பெரும் கண்காட்சி ஒன்று நடைபெற்றபோது, அந்தக் குடியேற்ற நாட்டின் மிக உயரமான மரத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என அறிவிக்கப்பட்டது. தேடலின் முடிவில் பா பா மலைப்பகுதியில் அளக்கப்பட்ட மரம் 100 மீட்டரைக்கூட எட்டவில்லை. 1880களில் தார்ப்டேல் என்ற இடத்தில் வெட்டிச் சாய்க்கப்பட்ட மரம் ஒன்றை ஜார்ஜ் கார்ன்த்வெயிட் என்ற நில அளவையாளர் அளந்து கூறிய ஏறத்தாழ 113 மீட்டர் என்ற கணக்கை மட்டும் ஆய்வாளர்கள் ஓரளவு நம்பத்தகுந்ததாகக் கருதுகின்றனர். அவர் தொழில்முறை அளவையாளர் என்பதும், மரம் தரையில் கிடந்தது என்பதும் அதற்குக் காரணங்கள்.

இதில் ஒரு முரண் உள்ளது. மரத்தை மிகத் துல்லியமாக அளக்க அன்றிருந்த ஒரே வழி அதை வெட்டிச் சாய்ப்பதுதான். உச்சாணிக் கிளை விழும்போதே நொறுங்கிப் போவதால், அந்த வழியும் முழு நம்பிக்கைக்கு உரியதாக இருக்கவில்லை.

கணக்கில் ஒளிந்துள்ள பிழை

பள்ளிக்கூட முக்கோணவியல் பாடத்தில் வரும் கணக்கு பலருக்கும் நினைவிருக்கும். கம்பத்தின் அடியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் நின்று அதன் உச்சியை ஏற்றக் கோணத்தில் பார்த்து, தொலைவை அக்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பால் பெருக்கினால் உயரம் கிடைத்துவிடும். வனத்துறைகள் பல பத்தாண்டுகளாக மரங்களையும் இந்த முறையிலேயே அளந்து வந்துள்ளன. கையில் ஒரு கோணமானியும் ஓர் அளவுநாடாவும் இருந்தால் போதுமானது.

சிக்கல் என்னவென்றால், மரம் கம்பம் அல்ல. கம்பத்தின் உச்சி அதன் அடிக்கு நேர் மேலே இருக்கும். மரத்தின் மிக உயர்ந்த கிளை அடிமரத்திலிருந்து பல மீட்டர் விலகி இருக்கக்கூடும். கிளைகளைப் பரப்பி வளரும் ஓக், மேப்பிள் போன்ற மரங்களில் இது விதிவிலக்கல்ல, வழக்கமே.

ஒரு மரத்திலிருந்து 30 மீட்டர் தொலைவில் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உச்சி எனத் தோன்றும் கிளை 60 பாகைக் கோணத்தில் தெரிகிறது. டேன்ஜெண்ட் கணக்கின்படி அது அவரது கண்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 52 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கிளை அடிமரத்துக்கு நேர் மேலே இல்லாமல் அளப்பவரை நோக்கி 5 மீட்டர் நீண்டிருந்தால், கிடைமட்டத் தொலைவு உண்மையில் 25 மீட்டர்தான். அப்போது சரியான உயரம் 43.3 மீட்டர். கிளை 5 மீட்டர் விலகியதால் உயரத்தில் 8 மீட்டருக்கும் அதிகமான மரம் கணக்கில் முளைத்துவிடுகிறது. அளப்பவர் மரத்தை நெருங்க நெருங்க, கோணம் கூடக் கூட, இந்தப் பிழையும் பெருகுகிறது. அடர்ந்த காட்டில் பின்னால் சென்று பார்க்க இடமிருப்பதில்லை என்பதால், பெரும்பாலான அளவீடுகள் மரத்துக்கு மிக அருகில் நின்றே எடுக்கப்பட்டன.

1990களில் கையடக்க லேசர் தொலைவுமானிகள் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தபோது நிலைமை மாறியது. இக்கருவி கண்ணிலிருந்து உச்சிக் கிளை வரையிலான சாய்வுத் தொலைவை நேரடியாகத் தருகிறது. அதனைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அச்சாய்வுத் தொலைவு 50 மீட்டர். 60 பாகையின் சைன் மதிப்பு 0.866. விடை அதே 43.3 மீட்டர். அடிமரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எழுவதில்லை. மரத்தின் அடிப்பகுதி கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அதையும் இதே முறையில் தனியே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1996இல் ராபர்ட் லெவெரெட், வில் பிளோசன் உள்ளிட்டோர் தொடங்கிய கிழக்கத்திய இயல்மரங்கள் சங்கம் இந்த முறையைப் பரப்புவதையே தனது முதன்மைப் பணிகளில் ஒன்றாகக் கொண்டது. சம்பளமோ பல்கலைக்கழகப் பதவியோ எதிர்பாராமல் விடுமுறை நாட்களில் காடுகளில் அலைந்தவர்களே இச்சங்கத்தினரில் கணிசமானோர். அமெரிக்காவில் 1940 முதல் நடந்துவரும் பெருமரப் பட்டியலில், அடிமரச் சுற்றளவு அங்குலத்திலும், உயரம் அடியிலும், கிளைப்பரப்பின் சராசரி அகலத்தில் கால் பங்கு அடியிலும் கூட்டப்பட்டு மதிப்பெண் தரப்படுகிறது. சுற்றளவில் ஏமாற வழியில்லை. உயரத்தில்தான் பிழைகள் மலிந்தன. சங்கத்தினர் மறுபடியும் அளந்தபோது, பட்டியலில் இருந்த மரங்கள் பலவற்றின் உயரம் சுருங்கிப் போனது. தங்கள் ஊர்ப் பெருமையைக் குறைத்துவிட்டதாக வருந்தியவர்களும் உண்டு.

சைன் முறையும் குறையற்றதல்ல. மத்திய அமெரிக்க நாடான பனாமாவின் வெப்பமண்டலக் காட்டில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, டேன்ஜெண்ட் முறையில் ஒழுங்கற்ற பிழைகள் மிகுதி என்றும், சைன் முறை தொடர்ந்து உயரத்தைக் குறைத்தே காட்டுகிறது என்றும் கண்டது. இலைக்கூட்டத்தின் வழியே பார்க்கும்போது உண்மையான உச்சி மறைந்து, அதற்குக் கீழுள்ள கிளையில் லேசர் பட்டுத் திரும்புவதே இதற்குக் காரணம். ஆனால் இரு பிழைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சைன் முறையில் சரியாக அளக்கப்பட்ட மரம், சொல்லப்பட்டதைவிட உயரமாக இருக்கலாமே தவிர, குட்டையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சாதனைகளை ஒப்பிடுவதற்கு இந்த அடக்கமான பிழையே பாதுகாப்பானது.

ஏறி அளப்பதும் பறந்து அளப்பதும்

ஐயத்துக்கு இடமின்றி அளக்க வேண்டுமானால் இன்றும் ஒரே வழி, ஒருவர் கயிறு கட்டி உச்சிக்கு ஏறி அங்கிருந்து அளவுநாடாவைத் தரைக்கு இறக்குவதே. ஹைப்பீரியனின் உயரத்தை 2006இல் ரெட்வுட் ஆய்வாளர் ஸ்டீபன் சில்லெட் இவ்வாறே உறுதி செய்தார். அப்போது கிடைத்த அளவு 115.55 மீட்டர்.

தரை என்பது எது என்ற கேள்வியும் உண்டு. மலைச்சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்புற அடியும் பள்ளத்துப்புற அடியும் பல மீட்டர் வேறுபடலாம். இரண்டுக்கும் நடுமட்டத்தை அடியாகக் கொள்வது பொதுவான நடைமுறை.

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் காட்டின் மீது பொழிந்து, அவை இலைகளிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் லிடார் தொழில்நுட்பம் 2000களில் இத்துறையைப் புரட்டிப் போட்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஆர்வ் பள்ளத்தாக்கை ஒட்டிய அரசுக் காட்டில் 2008இல் இம்முறையில் வெளிப்பட்ட செஞ்சூரியன் என்ற யூகலிப்டஸ் மரம், ஊசியிலை இனங்கள் அல்லாத மரங்களில் உலகிலேயே உயரமானதாக அன்று அறிவிக்கப்பட்டது. முதலில் 99.6 மீட்டராக இருந்த அதன் உயரம் 2018இல் 100.5 மீட்டராகப் பதிவானது. 2019 தொடக்கத்தில் பரவிய காட்டுத்தீயில் அதன் அடிப்பகுதி கருகிய போதிலும் மரம் பிழைத்துக்கொண்டது.

டாஸ்மேனியாவில் இந்த அளவீடுகளுக்குச் சட்டம் சார்ந்த ஒரு பொருளும் இருந்தது. அரசுக் காடுகளின் நிர்வாகம் வகுத்திருந்த கொள்கைப்படி 85 மீட்டர் உயரம் அல்லது 280 கன மீட்டர் பருமன் கொண்ட மரங்கள் வெட்டப்படாமல் காக்கப்பட வேண்டும். ஒரு மரத்தின் உயிர் கோணமானியின் ஒரு பாகையில் தொங்கும் நிலை இது. அதே தீவில் எல் கிராண்டே என அழைக்கப்பட்ட மரம் 79 மீட்டர் உயரமே இருந்தாலும், பருமனில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய மரமாகக் கருதப்பட்டது. அருகிலிருந்த வெட்டுக் கழிவுகளை எரிக்க 2003இல் மூட்டப்பட்ட தீ பரவி அது பட்டுப்போனது.

லிடாரும் ஏமாறக்கூடும். 45 பாகைச் சரிவில் நிற்கும் மரம் பள்ளத்தை நோக்கி 10 மீட்டர் சாய்ந்திருந்தால், உச்சிக்கு நேர் கீழே உள்ள தரை, மரத்தின் அடியைவிட 10 மீட்டர் தாழ்ந்திருக்கும். கணினி அந்தப் பத்து மீட்டரையும் மரத்தின் கணக்கில் சேர்த்துவிடும். எனவே விமானம் காட்டிய மரங்களை நேரில் சென்று சரிபார்க்கும் வேலை தொடர்கிறது.

ஒரு மரமா, ஒரு காடா?

மிக உயரமான ஒற்றை மரத்தைக் கொண்டு ஒரு காட்டை மதிப்பிடுவது, ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளியை மதிப்பிடுவது போன்றது. மேரிலாந்தைச் சேர்ந்த கோல்பி ரக்கர் இதற்கு எளிய தீர்வு ஒன்றை முன்வைத்தார். ஒரு காட்டில் உள்ள ஒவ்வொரு மர இனத்திலும் மிக உயரமான மரத்தைக் கண்டறிய வேண்டும். அவற்றில் முதல் பத்து இனங்களின் உயரங்களைக் கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் சராசரியே ரக்கர் உயரக் குறியீடு. ஓர் இனத்துக்கு ஒரு மரம் மட்டுமே கணக்கில் வரும் என்பதால், நல்ல குறியீடு பெற அந்த மண் பலவகை மரங்களையும் உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியின் காடுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா முதலிடத்தில் நின்றது. அங்கே ஒரு டியூலிப் மரம் 2011இல் 58.5 மீட்டராக அளக்கப்பட்டது. அதே பூங்காவின் கட்டலூச்சி பள்ளத்தாக்கில் உள்ள பூகர்மேன் பைன் என்ற வெள்ளைப் பைன் மரம் 1995இல் சுமார் 63 மீட்டர் உயரம் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வீசிய ஓபல் சூறாவளி அதன் உச்சியை ஒடித்துவிட்டது. வடக்கே பென்சில்வேனியாவின் குக் வனம், மாசசூசெட்ஸின் மோஹாக் டிரெயில் வனம், நியூயார்க் மாநிலத்தில் கட்டராகஸ் ஓடையின் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஒளிந்துள்ள ஜோர் பள்ளத்தாக்கு, தெற்கே தென் கரோலினாவின் காங்கரி ஆற்று வெள்ளச் சமவெளி ஆகியவை இவ்வொப்பீட்டின் மூலம் கவனம் பெற்றன.

குறியீட்டின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்மோக்கி மலைப் பூங்காவின் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். சில நூறு ஏக்கர் மட்டுமே உள்ள ஓர் ஆற்றோரக் காட்டை அதனுடன் ஒப்பிடுவது சமமான போட்டி ஆகாது. அதிக நாட்கள் தேடப்பட்ட காடு, குறைவாகத் தேடப்பட்ட காட்டைவிட உயரமாகத் தோன்றும். உலகின் மிக உயரமான காடான கலிபோர்னிய ரெட்வுட் காடே, மர இனங்கள் சிலவே உள்ளதால் இந்தக் குறியீட்டில் தனது முழு உருவத்தைக் காட்ட முடியாது.

இந்த அளவீட்டாளர்களின் பணியில் ஒரு கட்டம் மரணப் பதிவேடு போல ஆனது. ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்து, 1951இல் வர்ஜீனியாவில் அறியப்பட்ட ஒருவகைச் சாறுண்ணிப் பூச்சி, கிழக்கத்திய ஹெம்லாக் மரங்களைக் கொன்றபடியே தெற்கு நோக்கி நகர்ந்து 2002இல் ஸ்மோக்கி மலையை எட்டியது. அந்த இனம் எவ்வளவு உயரம் வளரக்கூடியது என்பதை மரங்கள் சாவதற்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்று பிளோசனும் ஜெஸ் ரிடலும் பள்ளத்தாக்குகளில் தேடி அளந்தனர். யூசிஸ் எனப் பெயரிடப்பட்ட மரம் 52.8 மீட்டர் உயரத்துடன் முதலிடம் பெற்றது. அவர்கள் அளந்த மாமரங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் பட்டுப்போயின. அந்த இனத்தின் உச்ச அளவு இனி ஏட்டில்தான் உள்ளது.

ஏன் ஆற்றுப் பள்ளத்தாக்குகள்?

மேற்கண்ட இடங்களில் பல, ஆறுகளையோ ஓடைகளையோ ஒட்டியவை. மரம் உயர வேண்டுமானால் நீர் வேண்டும், ஆழ்ந்த வண்டல் மண் வேண்டும், காற்றிலிருந்து மறைவு வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைவது மலைகளுக்கு இடையிலான தாழ்நிலங்களில்தான். குறுகிய பள்ளத்தாக்கில் வெளிச்சம் மேலிருந்தே வருவதால், மரங்கள் பக்கவாட்டில் பரவுவதைவிட மேல்நோக்கிப் போட்டியிடுகின்றன.

உயரத்துக்கு இயற்கை வைத்துள்ள எல்லையும் பெரும்பாலும் நீர் சார்ந்ததே. வேரிலிருந்து இலைக்கு நீரை இழுக்கும்போது, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு நிகரான இழுவிசை புவியீர்ப்பை வெல்லவே செலவாகிறது. ஜார்ஜ் காக், சில்லெட் உள்ளிட்டோர் 2004இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, ரெட்வுட் மரத்தின் உச்சியில் உள்ள இலைகள் ஈரமான காட்டிலும் வறட்சியில் வாடுவனவற்றைப் போலச் சிறுத்துத் தடித்திருப்பதைக் காட்டியது. எந்தச் சேதமும் நேராவிட்டால் மரம் எட்டக்கூடிய உயரம் 122 முதல் 130 மீட்டர் வரை என அவர்கள் கணித்தனர்.

ரெட்வுட் என்ற சொல்லுக்குச் செம்மரம் என்று பொருள் வந்தாலும், ஆந்திரக் காடுகளிலிருந்து கடத்தப்படும் செம்மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

கலிபோர்னியாவில் ரெட்வுட் கிரீக் என்ற சிற்றாற்றின் வளைவு ஒன்றில், வண்டல் படிந்த சமதளத்தில் நின்ற மரத்தை நேஷனல் ஜியோகிராபிக் சங்கத்தின் பால் ஸால் 1963இல் அளந்தார். 367.8 அடி, அதாவது 112.1 மீட்டர் என்று கிடைத்த கணக்கு 1964 ஜூலை இதழில் வெளியானபோது, உலகின் மிக உயரமான மரம் ஒரு மர நிறுவனத்தின் நிலத்தில் நிற்பது அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது. அந்த ஓர் எண் அரசியலில் எழுப்பிய அலையின் விளைவாக, 1968 அக்டோபரில் ரெட்வுட் தேசியப் பூங்கா உருவானது.

ஆனால் பூங்காவின் எல்லையை வகுத்தவர்கள் மரத்தைப் பார்த்தார்களே தவிர, ஆற்றைப் பார்க்கவில்லை. நெடுமரங்கள் நின்ற தோப்பை அடைய, ஆற்றின் இரு கரைகளிலும் சுமார் 800 மீட்டர் அகலத்துக்கு ஒரு நீண்ட நாடா போன்ற நிலம் மட்டுமே சேர்க்கப்பட்டது. அதன் வடிவத்தைக் கண்டவர்கள் அதற்கு 'புழு' என்று பெயரிட்டனர். புழுவுக்கு மேலே இருந்த மலைச்சரிவுகளில் மரம் வெட்டுதல் தொடர்ந்தது. வெறுமையான சரிவுகளிலிருந்து மழையில் வழிந்த மண்ணும் சரளையும் ஆற்றின் அடித்தளத்தை உயர்த்தி, கரையோர மரங்களின் வேர்களைத் தாக்கத் தொடங்கின.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு முன்னுதாரணம் அப்போதே இருந்தது. தெற்கே உள்ள புல் கிரீக் பள்ளத்தாக்கில் கீழ்ப்பகுதித் தோப்புகள் மாநிலப் பூங்காவாகக் காக்கப்பட்டிருந்தன. மேற்பகுதிச் சரிவுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெட்டப்பட்டன. 1955 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் காக்கப்பட்ட தோப்பிலேயே நூற்றுக்கணக்கான முதுமரங்களைச் சாய்த்தது.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 1978 மார்ச்சில் ரெட்வுட் பூங்கா மேலும் 48,000 ஏக்கர் விரிவாக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட நிலம். வெட்டுத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 1977இல் தொழிலாளர்கள் வாகன அணிவகுப்பாக வாஷிங்டன் சென்றனர். வேர்க்கடலை விவசாயியாக இருந்து அதிபரான ஜிம்மி கார்ட்டருக்குத் தருவதற்காக, ரெட்வுட் மரத்தில் செதுக்கிய ராட்சத வேர்க்கடலை ஒன்றையும் அவர்கள் உடன் கொண்டு சென்றனர். வெள்ளை மாளிகை அதனை ஏற்கவில்லை. வேலை போய்விடும் என்ற அவர்களது அச்சம் வேடிக்கையானதாக இருக்கவில்லை.

அன்று சேர்க்கப்பட்ட நிலத்தில்தான் ஹைப்பீரியன் நிற்கிறது. அது வளர்ந்தது ஆற்றோர வண்டல் தளத்தில் அல்ல, மலைச்சரிவில் என்பது ஆய்வாளர்களையே வியக்க வைத்தது. நெடுமரங்கள் தாழ்நிலங்களில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் தேடியவர்கள் சரிவுகளை அதிகம் பார்க்கவில்லை. வெட்டப்பட்டுப்போன சரிவுகளில் அதைவிட உயரமானவை நின்றிருக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் தவிர்க்க முடியவில்லை.

ஆசியாவின் பள்ளத்தாக்குகள்

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்கில், நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிடார் தரவுகளில் 2018இல் கண்ட மஞ்சள் மெராந்தி மரத்தின் மீது, 2019 ஜனவரியில் உள்ளூர் ஏறுநரான உண்டிங் ஜாமி நாடாவுடன் ஏறினார். 100.8 மீட்டர் எனக் கிடைத்த அளவு, வெப்பமண்டல மரம் ஒன்று 100 மீட்டரைத் தாண்டியதற்கான முதல் உறுதியான சான்றாக அமைந்தது. மலாய் மொழியில் கோபுரம் என்று பொருள்படும் மெனாரா என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வேர்கள் நீங்கலாக அதன் எடை 81,500 கிலோ எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே அமைந்திருப்பதால் சபாவுக்குக் 'காற்றுக்குக் கீழே உள்ள நாடு' என்ற பெயர் உண்டு. மரங்கள் அங்கே இவ்வளவு உயர்ந்ததற்குக் காற்றின் மென்மையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆசியாவின் மிக உயரமான மரம் என்ற பெருமையை மெனாரா நான்கு ஆண்டுகளே வைத்திருந்தது. பிரம்மபுத்திராவின் மேற்பகுதியான யார்லுங் சாங்போ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்குப் பகுதியில், திபெத்தின் போமே மாவட்டத்தில் நிற்கும் சைப்ரஸ் மரம் ஒன்று 102.3 மீட்டர் உயரம் கொண்டது என்று பீக்கிங் பல்கலைக்கழகக் குழு 2023 மே மாதம் அறிவித்தது. ஆளில்லா விமானமும் லேசர் கருவிகளும் கொண்டு அது அளக்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் அதே வட்டாரத்தின் மெடோக்கில் 76.8 மீட்டர் மரமும், ஸாயுவில் 83.2 மீட்டர் மரமும் அடுத்தடுத்து சீனாவின் உயரமானவை என அறிவிக்கப்பட்டிருந்தன. ஓராண்டில் ஒரு நாட்டின் சாதனை 25 மீட்டர் உயர்ந்தது என்றால், வளர்ந்தது மரம் அல்ல, தேடல் என்பது தெளிவு.

தமிழ்நாட்டை ஒட்டிக் கேரளத்தின் பரம்பிக்குளத்தில் நிற்கும் கன்னிமாரா தேக்கு, உலகின் மிகப் பெரிய தேக்கு மரங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் உயரம் சில வெளியீடுகளில் 40 மீட்டரை ஒட்டியும், வேறு சிலவற்றில் 48 மீட்டருக்கு மேலும் குறிப்பிடப்படுகிறது. எந்த முறையில் அளந்தார்கள் என்று இவற்றில் சொல்லப்படுவதில்லை. உச்சியிலிருந்து இறக்கிய ஒரு நாடா இந்த வேறுபாட்டை ஒரே நாளில் தீர்த்துவிடும்.

உயரமும் கரியும்

வெப்பமண்டலக் காடுகள் சேமித்துள்ள கரியின் அளவு இன்று பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளிலும் சந்தையிலும் விலை பெறும் பொருளாகியுள்ளது. மரத்தை வெட்டி எடை போட முடியாது என்பதால், அடிமர விட்டம், மரத்தின் அடர்த்தி, உயரம் ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டு எடை கணிக்கப்படுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் ஷாவ் தலைமையில் 2014இல் வெளியான, பரவலாகப் பயன்படும் சூத்திரத்தில், உயரம் 20 சதவீதம் மிகையாக இடப்பட்டால் எடையும் ஏறத்தாழ அதே அளவு மிகையாகிவிடும். காட்டைக் காத்ததற்காகப் பணம் பெறும் நாடும், அந்தப் பணத்தைக் கொடுத்துத் தனது புகையை நியாயப்படுத்தும் நிறுவனமும், கோணமானியின் பிழையில் சேர்ந்தே பயனடையும் நிலை இதனால் ஏற்படுகிறது.

2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கெடி என்ற லேசர் கருவி, உலகின் பெரும்பகுதிக் காடுகளின் உயரத்தை ஒரே முறையில் அளக்க வழிசெய்தது. அதன் ஒவ்வொரு துடிப்பும் 25 மீட்டர் அகல வட்டத்தின் மீது விழுவதால், காட்டின் பொது உயரத்தைக் காட்டுமே தவிர, தனி மரத்தை அளக்க அது போதாது.

பிரேசிலின் ஜாரி ஆற்றுப் படுகையில் லிடார் மூலம் கண்டறியப்பட்டு 2019இல் அறிவிக்கப்பட்ட 88.5 மீட்டர் உயர மரம், அமேசான் காட்டின் உயரமான மரமாகும். அது நிற்கும் பகுதி 2024 செப்டம்பரில் தனிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ரெட்வுட் கிரீக்கில் நடந்ததைப் போல, அங்கும் ஓர் எண் காட்டுக்குக் காவலானது.

எண் வெளியானால் கூட்டமும் வருகிறது. ஹைப்பீரியனின் இருப்பிடம் ரகசியமாக வைக்கப்பட்ட போதிலும், இணையத்தில் கசிந்த தகவலைப் பின்பற்றிப் பாதையற்ற காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தனர். மிதிபட்டு மண் இறுகியது. அடிமரத்தைச் சுற்றிலும் புற்பூண்டுகள் அழிந்தன. 2022இல் பூங்கா நிர்வாகம் அப்பகுதியை முற்றாக மூடியது. மீறி நுழைபவர்களுக்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். 1963இல் அளக்கப்பட்ட பழைய மரம் நிற்கும் ஆற்று வளைவுக்கு மட்டும், முன் அனுமதி பெற்றவர்கள் நடந்து சென்று பார்க்கலாம். அதன் உச்சி பட்டுப்போய், அது இப்போது எந்தப் பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை.